மழலையும் மண்ணும் – 6: மருந்து கொடுத்தும் திரும்பி வந்த பிள்ளைகள்

லண்டனின் தென்கிழக்கில், தேம்ஸ் நதியோரம் இருக்கிறது டெப்ட்ஃபோர்ட். கூலித் தொழிலாளர் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த அந்தப் பகுதியில், 1910-இல் ரேச்சல் மெக்மில்லன், மார்கரெட் மெக்மில்லன் என்ற சகோதரிகள் பிள்ளைகளுக்காக ஒரு மருத்துவ நிலையம் தொடங்கினார்கள். சொறி, கண்நோய், சொத்தைப் பல் என்று வந்த பிள்ளைகள் குணமாகிப் போனார்கள். கொஞ்ச நாளில் அதே நோயோடு திரும்பி வந்தார்கள். வெயில் எட்டாத, ஈரம் கசியும் அறைகள்தான் அவர்களுடைய வீடுகள்.

மருந்து மட்டும் போதாது என்பது சகோதரிகளுக்குப் புரிந்தது.

1914-இல் அங்கேயே அவர்கள் திறந்தவெளி மழலையர் பள்ளி தொடங்கினார்கள். காற்றும் வெளிச்சமும் தாராளமாக வரும் கொட்டகைகள், சுற்றிலும் தோட்டம். ஒரு மூலையில் கல், தகரத் துண்டு, பழைய சட்டிபானை குவிந்த மேடு ஒன்றும் உண்டு. தோட்டத்துக்கு அது அவசியம் என்று 1919-இல் வெளியான தம் நூலில் மார்கரெட் வாதாடினார். பிள்ளைகள் எடுக்கவும் அடுக்கவும் கலைக்கவும் அதில் ஏராளம் இருந்தது. ரேச்சல் 1917-இல் மறைந்தார். பள்ளிக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது.

அந்தக் காலத்து ஏழைப் பிள்ளைகளின் கால்களை வளையச் செய்த நோய் ரிக்கெட்ஸ். இதற்குப் புற ஊதா ஒளியே மருந்தாகும் என்று பெர்லின் மருத்துவர் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி 1919-இல் நிரூபித்தார். வெயில் பட்டால் தோலில் வைட்டமின் டி உருவாகி எலும்பை உறுதியாக்குகிறது. சகோதரிகள் பிள்ளைகளை வெளியே கொண்டுவந்து ஐந்தாண்டு கழித்து அறிவியல் அதற்கு விளக்கம் சொன்னது.

அடுத்தது கண். சீனாவின் குவாங்சோ நகரில் 12 தொடக்கப் பள்ளிகளின் முதல் வகுப்புப் பிள்ளைகளை மூன்றாண்டு கவனித்தார்கள். பாதிப் பள்ளிகளில் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டார்கள். அங்கே கிட்டப்பார்வை வந்தது 30.4 சதவீதப் பிள்ளைகளுக்கு. மற்றப் பள்ளிகளில் 39.5 சதவீதம். முடிவு வெளியான ஆண்டு 2015.

மண்ணின் பங்கைக் காட்டியது ஃபின்லாந்து. அங்கே சில குழந்தைகள் காப்பகங்களின் முற்றத்தில் சரளைக்கல்தான் கிடந்தது. ஆய்வாளர்கள் காட்டுத் தரையை அப்படியே பெயர்த்து வந்து விரித்தார்கள். புல்தரை போட்டார்கள், செடி வளர்க்கத் தொட்டிகள் வைத்தார்கள். மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகள் தினமும் சுமார் ஒன்றரை மணி நேரம் அதில் தோண்டினார்கள், நட்டார்கள், தவழ்ந்தார்கள். 28 நாளில் அவர்கள் தோலில் வாழும் நுண்ணுயிர்களின் வகை பெருகியது. நோய் எதிர்ப்பாற்றலைச் சீராக வைக்கும் அணுக்கள் தொடர்பான மாற்றங்களும் ரத்தத்தில் தெரிந்தன. 2020-இல் வெளியான அந்த ஆய்வு சிறியதுதான். பத்துக் காப்பகங்கள், 75 பிள்ளைகள். ஆனாலும் முற்றத்தை மாற்றினால் பிள்ளையின் உடம்பும் மாறும் என்பதை அது அளந்து காட்டியது.

மூன்று, நான்கு வயதுப் பிள்ளை நாளுக்கு 180 நிமிடமாவது ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எல்.கே.ஜி. சேர்க்கைக்குப் போகும் பெற்றோர் கட்டணம், சீருடை, வேன் பற்றியெல்லாம் விசாரிக்கிறார்கள். பிள்ளை தினமும் எத்தனை நிமிடம் வெளியே இருக்கும், அதன் காலில் மண் படுமா என்பதையும் விசாரியுங்கள். சிமெண்ட் தரைதான் என்றால், ஓரமாக ஒரு மண் பாத்தியாவது போடச் சொல்லுங்கள்.

(வளரும்)