மூக்குச் சுட்டெண்: ரிஸ்லியின் இனவகைப்பாடும் அதன் அளவைச் சிக்கல்களும்

இந்தியத் துணைக்கண்ட மக்களை உடற்தோற்றத்தின் வழி வகைப்படுத்த முனைந்தோருள் குறிப்பிடத்தக்கவர் ஹெர்பர்ட் ஹோப் ரிஸ்லி. வங்காளத்தில் குடிமைப்பணி அலுவலராக விளங்கிய இவர், பிரெஞ்சு மானிடவியலார் பால் தோப்பினாரின் அளவை முறையைப் பின்பற்றித் தலை, முக அளவுகளைத் திரட்டினார். அவற்றுள் அவர் பெரிதும் நம்பியது மூக்குச் சுட்டெண்ணையே. சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டனும் தென்னிந்தியச் சாதிகளிடையே இத்தகைய அளவுகளை எடுத்தார்.

மூக்கின் அகலத்தை உயரத்தால் வகுத்து நூறால் பெருக்கக் கிடைப்பது இச்சுட்டெண். 70க்குக் குறைந்தது குறுகிய மூக்கு. 70 முதல் 85 வரை இடைநிலை. அதற்கு மேற்பட்டது அகன்ற மூக்கு. ஒரு சாதியின் சமூக மதிப்பு உயருந்தோறும் அதன் சராசரிச் சுட்டெண் குறையும் என்பது ரிஸ்லியின் துணிபு. 1901ஆம் ஆண்டுக் குடிக்கணக்கெடுப்பின் ஆணையராகச் சாதிகளை மதிப்பு வரிசையில் நிரல்படுத்தச் செய்தவரும் அவரே என்பது இங்கு நோக்கத்தக்கது. படிநிலையை முன்னரே ஏற்றுக்கொண்டு, அதற்குரிய சான்றை மூக்கில் தேடினார் எனல் மிகையன்று.

அவர் வகுத்த ஏழு வகைகளுள் ஒன்று 'திராவிடர்'. கால்டுவெல் 1856இல் தம் ஒப்பிலக்கணத்தில் ஒரு மொழிக்குடும்பத்திற்கு வழங்கிய பெயர் இங்கே உடல்வகையின் பெயராயிற்று. 'திராவிட முகவெட்டு' என இன்றும் எழுதுவோர் தம்மை அறியாமலே ரிஸ்லியின் அட்டவணையை வழிமொழிகின்றனர்.

அளவையின் நுட்பத்தைச் சற்று விரிவாகக் காண்போம். ஒருவரின் மூக்கு 50 மி.மீ. உயரமும் 35 மி.மீ. அகலமும் உடையதெனில் சுட்டெண் 70. அகலத்தில் ஒரு மி.மீ. கூடுதலாகவும் உயரத்தில் ஒரு மி.மீ. குறைவாகவும் அளந்துவிட்டால் அது ஏறத்தாழ 73.5 ஆகிவிடும். மூக்கின் மேல்முனையோ எலும்புப் பொருத்து. உயிருள்ளவரிடம் அது தோலுக்கடியில் மறைந்திருப்பதால் தடவிப் பார்த்தே குறிக்க வேண்டும். அளப்பவர் மாறினால் எண்ணும் மாறும். மேலும், சாதிச் சராசரிகளை மட்டும் ஒப்பிடும்போது ஒரே சாதிக்குள் காணப்படும் பரந்த வேறுபாடு மறைந்துபோகிறது.

ரிஸ்லியின் வங்காளத் தரவுகளை மகலனோபிஸ் 1933இல் மறு ஆய்வுக்கு உட்படுத்தினார். கல்கத்தா ஆங்கிலோ-இந்தியரின் உடலளவுகளை 1920களில் ஆராயத் தொடங்கிய அவர், ஒற்றைச் சுட்டெண்ணை நம்பாது, பல அளவுகளை அவற்றின் இடைத்தொடர்போடு ஒருங்கே கணிக்கும் 'தொலைவு' என்னும் அளவையை 1936இல் முழுமையாக வெளியிட்டார். புள்ளியியலில் இன்றளவும் பயன்படும் இக்கருவியின் பிறப்பிடம் மானிடவியலே என்பது பலர் அறியாதது.

சாதி வரிசையும் மூக்கு வரிசையும் ஒத்துச்செல்வது வட இந்தியாவின் ஒரு பகுதியில் மட்டுமே எனக் குர்யே 1932இல் காட்டினார். அவர் தந்த அளவுகளைக் கொண்டே அம்பேத்கர் 1948இல் நேரெதிர் முடிவை நிறுவினார்: பிராமணரும் தீண்டப்படாதோரும் ஓரினத்தவரே, முன்னவர் ஆரியரெனில் பின்னவரும் ஆரியர், முன்னவர் திராவிடரெனில் பின்னவரும் திராவிடர். ரிஸ்லியின் கோலாலேயே ரிஸ்லியை மறுத்த வலிமையான வாதம் இது. எனினும் மூக்கு இனத்தைக் காட்டும் என்ற எடுகோள் இவ்வாதத்திலும் தொடர்கிறது. அவ்வெடுகோளை அசைக்கும் சான்று அதற்கு முன்பே, 1923இல், வெளிவந்திருந்தது: தாம்சன், பக்ஸ்டன் இருவரும் உலக மக்களின் மூக்குச் சுட்டெண் அவர்கள் வாழிடத்தின் வெப்பத்தோடும் ஈரப்பதத்தோடும் நெருங்கிய தொடர்புடையது எனக் காட்டியிருந்தனர்.