பெயரேடும் பொதுவழியும்

ஒரு பொருளுக்குப் பெயரிடுதல் எளிது; அப்பெயரைப் பிறரும் ஏற்று வழங்கச் செய்தல் அரிது. மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்கள் இவ்வுண்மைக்குச் சான்றாவன. அட்டன், நுவரெலியாப் பகுதிகளிலுள்ள தோட்டங்கள் பலவற்றுக்கு இரு பெயர்கள் உண்டு. ஒன்று துரைமார் இட்டுப் பதிவேட்டில் ஏற்றிய பெயர். மற்றொன்று தொழிலாளர் நாவில் வழங்கிய தமிழ்ப் பெயர். தமிழ்ப் பெயரைச் சொன்னால் அயலார் எவரும் வழி காட்டுவர். ஆயினும் கடித உறையின்மேல் எழுதத்தக்கது பதிவேட்டுப் பெயரே.

இணையத்திலும் இந்நிலையே காணப்படுகின்றது. அதனோடு பிணைந்த கணினி ஒவ்வொன்றும் எண்ணால் அறியப்படுவது. எண்களை நினைவிற் கொள்ளுதல் மாந்தர்க்கு அரிதாகலின் களப்பெயர்கள் எழுந்தன. தொடக்கத்தில் பெயர்கள் யாவும் ஒரே கோப்பில் எழுதப்பட்டு, அமெரிக்காவின் ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்தில் பேணப்பட்டன. கணினிகள் பெருகவே, 1983 ஆம் ஆண்டில் போல் மொக்கபெட்ரிஸ் என்பார் பெயர்களைப் படிநிலைகளாகப் பகுக்கும் முறையை வகுத்தார். அவற்றின் உச்சியில் நிற்பது மூலப் பெயரேடு. ஒவ்வோர் ஈற்றுக்கும் உரிய பெயர்களை எங்கே வினவவேண்டும் என்பதை அவ்வேடே கூறும். அதனை 1998 இல் அமைந்த ஐக்கான் என்னும் நிறுவனம் ஒழுங்குசெய்கின்றது. அமெரிக்க அரசு ஒப்பந்தவழிக் கொண்டிருந்த மேற்பார்வை 2016 இல் முடிவுற்றது.

ஏடு ஒரே கையில் இருத்தல் தகுமோ என்னும் ஐயத்தால் மாற்று முயற்சிகள் தோன்றின. 2000 ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ஓப்பன்நிக், தன்னார்வலரால் நடத்தப்பெற்றுத் தனக்கெனச் சில ஈறுகளை வழங்குவது. 2011 இல் தோன்றிய நேம்காயின், பெயரேட்டைப் பங்குகொள்ளும் கணினிகள் பலவற்றிலும் படியெடுத்து வைக்கின்றது. இதனால் ஒரு பெயரை நீக்குதல் எந்த அதிகாரிக்கும் எளிதன்று. குறையும் அங்கேயே உள்ளது: தீங்கு செய்வோன் பெயரையும் நீக்குதல் அரிது. நேம்காயின் பெயர்களைத் தீயோர் பயன்படுத்தியமையால், ஓப்பன்நிக் 2019 இல் அவற்றைக் கைவிட்டது. மேலும், மாற்று ஏட்டை வினவுமாறு கணினியை அமைத்தாலன்றி அப்பெயர்கள் புலப்படா. தோட்டத்துத் தமிழ்ப் பெயர் போல, அறிந்தார்க்கே அவை பெயர். இரண்டு ஏடுகள் ஒரே பெயரை இருவர்க்கு வழங்கின், ஒருவர்க்குரிய மடல் மற்றவரைச் சேரவுங்கூடும்.

இலங்கை வேறொரு வழியையும் காட்டியுள்ளது. நாட்டுக்குரிய ‘எல்கே’ என்னும் ஈறு, மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிஹான் டயஸ் முயற்சியால் 1990 இல் நிலைபெற்றது. 2010 இல் ‘இலங்கை’ என்னும் தமிழ்ச் சொல்லும் ‘லங்கா’ என்னும் சிங்களச் சொல்லும் மூல ஏட்டிலேயே ஈறுகளாக ஏறின. தனி ஏடு தேடாது, பொது ஏட்டினுள்ளேயே தமிழ் இடம்பெற்றது.

இவ்வேற்றுமையின் பொருளை லயங்களில் வாழ்வோர் நன்கறிவர். தனி முகவரி இன்மையால் பலருடைய கடிதங்கள் தோட்ட அலுவலகத்தின் வழியே வந்து தாமதமுறுதல் நெடுங்காலக் குறை. வீட்டுக்காரர் தாமே கதவில் எழுதிய எண் இக்குறையைத் தீர்க்காது. தபாற்கந்தோர் ஏற்ற எண்ணே தீர்க்கும். ஆயினும், ஏட்டைக் காப்போர் அதனைத் திருத்த மறுப்பின் மக்கள் வேறு ஏடு தேடுவது இயல்பு. பொதுவழி ஒன்றாக இருத்தல் வேண்டும். அதனைப் பேணுவதில் அவ்வழி நடப்போர் அனைவர்க்கும் பங்கு இருத்தலும் வேண்டும். மாற்று முயற்சிகள் உணர்த்தும் பாடம் இதுவே.