ஈ.சி.ஆர். பஸ்ஸில் ஒரு துணிப் பாதை

பண்டிகைக்குக் கம்பெனி பூட்டியதும் மண்ணரை, ஊத்துக்குளி ரோட்டுப் பக்கத்து டெய்லர்களும் செக்கிங், கைமடி வேலை பார்க்கும் பெண்களும் கடல் பார்க்கக் கிளம்பினால் பலருக்கும் முதலில் தோன்றும் ஊர் புதுச்சேரி. ஒருநாள் பீச், மறுநாள் சென்னையில் சொந்தக்காரர் வீடு, அங்கிருந்து ராத்திரி ரயிலில் திருப்பூர். இந்தச் சுற்றில் எல்லோரும் தூங்கியே கழிப்பது புதுச்சேரி–சென்னை பஸ் பயணத்தைத்தான். பனியன் தொழிலில் இருப்பவர்கள் கண்விழித்துப் பார்க்க வேண்டிய பாதை அது.

முதலில் எந்த வண்டி என்று கேட்டு ஏற வேண்டும். திண்டிவனம் வழியாகப் போகும் பஸ், 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட கிளாம்பாக்கத்தில் இறக்கிவிடும். சென்னைக்குள் போக அங்கிருந்து இன்னொரு வண்டி பிடிக்க வேண்டும். பிள்ளைகளையும் மூட்டை முடிச்சையும் வைத்துக்கொண்டு அது பெரிய பாடு. ஈ.சி.ஆர். வண்டியோ மரக்காணம், கல்பாக்கம், மாமல்லபுரம், திருவான்மியூர் என்று கடலோரமாகவே வந்து கோயம்பேடு வரை போகிறது. தூரம் ஏறத்தாழ 150 கிலோமீட்டர். கோயம்பேடு பஸ் நிலையத்தை ஒட்டியே மெட்ரோ. மாறி ஏறாமல் சென்ட்ரலுக்குப் போய்விடலாம். ரயில் பிடிக்கிற திருப்பூர்க்காரருக்கு இதுதான் தோது. மதியத்துக்கு மேல் கிளம்பினால் டிரைவர் பக்கத்து ஜன்னலில் உட்காருங்கள். வெயில் மறுபக்கம் போய்விடும், கடல் உங்கள் பக்கம் இருக்கும்.

பஸ் ஏறும் முன்பே பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. புதுச்சேரி முதலியார்பேட்டையில் ஏ.எஃப்.டி. மில். 1898-ல் தொடங்கியது, 2020-ல் மூடப்பட்டது. பிரெஞ்சுக்காரர் காலத்தில் இந்த ஊரின் நீலத் துணி கப்பலேறி ஆப்பிரிக்காவின் செனகல் வரை போயிற்று. ஏற்றுமதி என்றால் நமக்கு 1980-களுக்குப் பிந்திய கதைதான் நினைவுக்கு வருகிறது. புதுச்சேரிக்காரர்கள் அதை அதற்கு வெகுகாலம் முன்பே செய்தவர்கள்.

ஆனால் புதுச்சேரி மில்களை நான் மறக்காததற்குக் காரணம் துணி அல்ல. 1936 ஜூலை 30 அன்று, எட்டு மணி நேர வேலையும் சங்கம் வைக்கும் உரிமையும் கேட்டுப் போராடிய சவானா மில் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சுப் போலீஸ் சுட்டது. 12 பேர் செத்தார்கள். வ. சுப்பையா முன்னின்று நடத்திய அந்தப் போராட்டத்தின் பலனாக, அடுத்த ஆண்டே எட்டு மணி நேர வேலை அங்கே சட்டமானது.

நம் ஊரில் நிலைமை என்ன? காலை எட்டரைக்கு உள்ளே போனால் ராத்திரி எட்டரைக்கு வெளியே வருவது. அதற்குப் பெயர் ஒன்றரை ஷிப்ட். ஆர்டர் நெருக்கினால் அதற்கு மேலும் இழுக்கும். யாரும் கட்டிப் போடவில்லை என்பார்கள். வீட்டு வாடகையும் பள்ளிக்கூட ஃபீஸும் ஒரு ஷிப்ட் சம்பளத்தில் அடங்காதபோது கட்டிப் போட வேறு கயிறு தேவையில்லை. பீஸ் ரேட்டில் பேட்லாக் மெஷின் ஓட்டுகிறவருக்கு எட்டு மணி நேரம் என்ற கணக்கே கிடையாது.

மரக்காணத்தில் உப்பளம் கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளையாக விரிகிறது. வயலூரில் பாலாறு கடக்கும், அடுத்து கல்பாக்கம். அணுமின் நிலையத்தால் பெயர் பெற்ற ஊர். அதை ஒட்டிச் சதுரங்கப்பட்டினம், 17-ஆம் நூற்றாண்டிலிருந்து டச்சுக்காரர்கள் மஸ்லின் துணி வாங்கிக் கப்பலேற்றிய துறை. அவர்களுடைய கோட்டை கடலோரத்தில் இன்னும் நிற்கிறது. பஸ்ஸிலிருந்து தெரியாது, இறங்கித்தான் போக வேண்டும். மாமல்லபுரத்துக்கு இறங்குகிறவர்களில் பாதிப் பேராவது இங்கேயும் இறங்கலாம் என்பது என் ஆசை.

மாமல்லபுரம் தாண்டினால் ரிசார்ட்டுகளும் கேளிக்கைப் பூங்காக்களும்தான். முட்டுக்காட்டுக் கழியைத் தவிர நிமிர்ந்து பார்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லை.

சென்னையே துணிக்காக உண்டான ஊர். 1639-ல் கிழக்கிந்தியக் கும்பினியின் பிரான்சிஸ் டே இந்த மணல்மேட்டைப் பிடித்ததற்கு முக்கியக் காரணம், இங்கே துணி மலிவாகக் கிடைத்ததுதான். 1734-ல் நெசவாளர்களையும் நூல் நூற்பவர்களையும் குடியமர்த்தவே கும்பினிக்காரர்கள் சிந்தாதிரிப்பேட்டையை உருவாக்கினார்கள். பின்னால் பெரம்பூரில் பக்கிங்காம், கர்நாடிக் மில்கள் வந்தன. அந்த மில் தொழிலாளர்களை வைத்துத்தான் 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க.வும் உடன் நின்றார். 1923-ல் இந்தியாவின் முதல் மே தினத்தைச் சிங்காரவேலர் கொண்டாடியதும் சென்னைக் கடற்கரையில்தான்.

ரயிலுக்கு நேரம் இருந்தால் சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவுக்கு ஒரு நடை போய்வரலாம், சென்ட்ரலிலிருந்து ரொம்பத் தூரம் இல்லை. 2023 ஏப்ரல் 21 அன்று, பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் சட்டத் திருத்த மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் கொதித்தெழவே, மூன்றே நாளில் அது நிறுத்தி வைக்கப்பட்டது. மே 1 அன்று இந்தப் பூங்காவில்தான் முதலமைச்சர் ஸ்டாலின் அதைத் திரும்பப் பெற்றதாக அறிவித்தார். சட்டப் புத்தகத்தில் ஏறாத அந்தப் பன்னிரண்டு மணி நேரம், திருப்பூரில் லீவு முடிந்து கம்பெனி திறக்கிற அன்றைக்கே காலை எட்டரைக்கு ஆரம்பித்துவிடுகிறது.