வங்கி எஸ்.எம்.எஸ்... படிக்காமல் அழிக்கலாமா?

பி.எம்.கிசான் தவணை 2,000 ரூபாய் ஏறிவிட்டதா என்று பார்க்க, பாஸ்புக்கோடு பஸ் ஏறுபவர்கள் இன்றும் உண்டு. வங்கியில் செல்போன் எண் பதிவாகியிருந்தால் அந்தத் தகவல் வீடு தேடி வரும். ஆனால், வரவைவிடப் பற்றைத்தான் ஊன்றிப் படிக்க வேண்டும். மே மாதக் கடைசியில் 20 ரூபாயும் 436 ரூபாயும் பிடித்திருந்தால் பதற வேண்டாம். விபத்து, ஆயுள் காப்பீட்டுக்கு எழுதிக் கொடுத்திருந்தால், அது அந்தப் பிரீமியம்தான்.

எடுக்காத பணம் போயிருந்தால்? அங்கேதான் நாள் கணக்கு. வாடிக்கையாளர் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் வெளியாள் திருடியிருந்தால், தகவல் வந்து 3 வேலை நாள்களுக்குள் புகார் கொடுத்தவருக்கு நஷ்டமில்லை என்கிறது ரிசர்வ் வங்கியின் 2017-ம் ஆண்டு சுற்றறிக்கை. 4 முதல் 7 நாள்கள் ஆகிவிட்டால், ஜன்தன் கணக்கில் 5,000 ரூபாய் வரையிலும், சாதாரண சேமிப்புக் கணக்கில் 10,000 ரூபாய் வரையிலும் கணக்குக்காரர் தலையில் விழும். ஓ.டி.பி-யை யாரிடமாவது சொல்லியிருந்தால், புகார் கொடுக்கும்வரை போனதெல்லாம் அவருடையதே. ஆகவே, உடனே வங்கிக்கும் 1930 என்ற எண்ணுக்கும் பேசிவிட வேண்டும்.

பல வீடுகளில் கணக்கு அப்பாவுடையது, பதிவான எண்ணோ திருப்பூரில் வேலை பார்க்கும் மகனுடையது. எஸ்.எம்.எஸ் அங்கே போகும். இங்கே மூன்று நாள் ஓடிவிடும். கிளையில் எழுதிக் கொடுத்தால் எண்ணை மாற்றித் தருவார்கள்.