ஒரே நாளில் பத்துப் பாடல்கள்

ஓர் இசைத்தட்டுக்கான பாடல்களைப் பதிவு செய்ய எத்தனை நாட்கள் வேண்டும்? சில வாரங்கள் ஆகலாம், மாதக்கணக்கிலும் நீளலாம். ஆனால் 1963 பிப்ரவரி 11 அன்று பீட்டில்ஸ் இசைக்குழுவினர் நால்வரும் லண்டன் ஏபி ரோடிலுள்ள ஈ.எம்.ஐ. ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரே நாளில் பத்துப் பாடல்களைப் பதிவு செய்தார்கள்.

ஏன் இந்த அவசரம்? ஜனவரியில் வெளிவந்த அவர்களது சிறிய இசைத்தட்டு நன்றாக விற்பனையாகிக் கொண்டிருந்தது. அந்தச் சூடு ஆறுவதற்குள் 14 பாடல்கள் கொண்ட பெரிய இசைத்தட்டைக் கொண்டுவர நினைத்தார் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின். நான்கு பாடல்கள் முன்பே பதிவாகியிருந்தன. மீதிப் பத்துக்கும், ஊர் ஊராகக் கச்சேரி செய்துவந்த குழுவுக்குக் கிடைத்தது ஒரே நாள். போதாக்குறைக்குப் பாடகர் ஜான் லென்னனுக்குக் கடுமையான ஜலதோஷம்!

நாடாவில் ஒலி தங்குவது எப்படி?

ஒலிவாங்கி, காற்றின் அதிர்வை மின்னோட்டமாக மாற்றுகிறது. அந்த மின்னோட்டம் ஒரு சிறிய மின்காந்தத்தின் வழியே பாய்கிறது. அதை உரசியபடி, இரும்பு ஆக்சைடு பூசிய பிளாஸ்டிக் நாடா ஓடுகிறது. மின்னோட்டம் மாறுவதற்கேற்ப நாடாவிலும் காந்தப் பதிவு மாறிக்கொண்டே செல்கிறது. நாடா நொடிக்கு 38 செ.மீ. ஓடினால், 1000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை 0.38 மி.மீ. நீளத்தில் அடங்கிவிடும்.

இரண்டே தடங்கள்

அன்று பயன்பட்ட கருவியில் இரண்டு தடங்களே உண்டு. ஒன்றில் இசைக்கருவிகள் எல்லாம் சேர்ந்து பதிவாயின, மற்றொன்றில் குரல்கள். கிதார் மட்டும் ஓங்கி ஒலித்தால் பிறகு அதைத் தனியே குறைக்க வழியில்லை. பாலில் கரைந்த சர்க்கரையை மீண்டும் பிரித்தெடுக்க முடியுமா? எனவே நால்வரும் ஒன்றாக வாசித்துப் பாடவேண்டும். ஒருவர் தவறினாலும் மறுபடி எடுக்கவேண்டும்.

பின்னர் ஓர் ஒலியைச் சேர்க்க ஒரு வழி இருந்தது. முதல் நாடாவை ஓடவிட்டு, புதிய ஒலியையும் கலந்து, இரண்டாவது நாடாவில் பதிவார்கள். ஆனால் ஒவ்வொரு நாடாவுக்கும் இயல்பாகவே ஒரு மெல்லிய சீறல் உண்டு. நகல் எடுக்கும்போது இரு நாடாக்களின் சீறலும் சேர்ந்து, அதன் திறன் இரு மடங்காகும். அதாவது 3 டெசிபல் கூடும். அதனால் இந்த வழியை அன்று சிக்கனமாகவே பயன்படுத்தினார்கள்.

கடைசியில் வைத்த பாடல்

இன்னொரு கருவியும் தேய்ந்துகொண்டிருந்தது: லென்னனின் தொண்டை! பாடும்போது குரல் நாண்கள் நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை ஒன்றோடொன்று மோதுகின்றன. சளியாலும் உழைப்பாலும் அவை வீங்கினால் சரியாக மூடுவதில்லை, இடைவெளியில் காற்று கசிகிறது, குரல் கரகரக்கிறது. 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்' என்ற பாடலையோ முழுக்க முழுக்கக் கத்திப் பாடவேண்டும். அதை முதலில் எடுத்திருந்தால் மற்ற பாடல்களுக்குக் குரல் மிஞ்சியிராது. ஆகவே மார்ட்டின் அதைக் கடைசிக்கு ஒதுக்கினார்.

காலை 10 மணிக்குத் தொடங்கிய வேலை. அப்போது இரவு 10 மணியும் தாண்டிவிட்டது. முதல் முறையே பாடல் சரியாக அமைந்தது. இரண்டாம் முறை முயன்றபோது லென்னனிடம் குரலே இல்லை! இன்றும் நாம் கேட்பது அந்த முதல் பதிவுதான். அதிலுள்ள கரகரப்பு, களைத்துப்போன குரல் நாண்களின் ஒலியே.

மார்ச் 22-இல் வெளிவந்த அந்த இசைத்தட்டு, பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் 30 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது.

உங்களுக்கு ஒரு கணக்கு: நொடிக்கு 38 செ.மீ. ஓடும் நாடாவில் இரண்டரை நிமிடப் பாடலைப் பதிய எத்தனை மீட்டர் நாடா வேண்டும்? அதே நாடாவைப் பாதி வேகத்தில் ஓடவிட்டால், 440 ஹெர்ட்ஸ் சுரம் எந்த அதிர்வெண்ணில் கேட்கும்?

(விடை: 57 மீட்டர், 220 ஹெர்ட்ஸ்.)