காரங்காட்டில் மீன் பன் சுடலாம்

காரங்காட்டில் அலையாத்திக் காட்டுப் படகுச் சுற்றுலாவுக்கு வருவோர் கடல் உணவை விரும்பிக் கேட்கின்றனர். கையில் எடுத்துச் செல்ல ஏற்றது மீன் பன். இலங்கையில் இதனை ‘மாலு பாண்’ என்பர். சிங்களத்தில் மாலு என்றால் மீன்.

தேவை (16 பன்): மைதா 500 கிராம், ஈஸ்ட் 7 கிராம், உப்பு 8 கிராம், சர்க்கரை 30 கிராம், வெண்ணெய் 40 கிராம், முட்டை 1, வெதுவெதுப்பான பால் 250 மி.லி.

செய்முறை: மாவைப் பிசைந்து, இரு மடங்காகும் வரை மூடி வைக்கவும். வேகவைத்து முள் நீக்கிய மீன் 250 கிராம், மசித்த உருளைக்கிழங்கு 200 கிராம், வெங்காயம், மிளகு, கறிவேப்பிலை சேர்த்து ஈரம் போக வதக்கி ஆறவிடவும். சூடாக வைத்தால் பன்னின் அடிப்பாகம் சரியாக வேகாது. 55 கிராம் உருண்டைகளைத் தட்டி, மசாலா வைத்து முக்கோணமாக மடிக்கவும். 30 நிமிடம் கழித்து முட்டை தடவி, 190 டிகிரி செல்சியஸில் 18 முதல் 20 நிமிடம் சுடவும்.

கவனம்: சூரை, கானாங்கெளுத்தி மீன்களைப் பிடித்தவுடன் ஐஸில் வைக்க வேண்டும். வெயிலில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் உருவாகும். வேகவைத்தாலும் சுட்டாலும் அது அழியாது. உண்டவருக்கு முகம் சிவந்து, தலைவலி, வாந்தி வரும். சுட்ட பன்னை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்கக் கூடாது. விற்பனைக்கு முன் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ளுங்கள்.