ஒரு வாரம் படகில்: மாலத்தீவு ஸ்கூபா பயணத்துக்குக் கிளம்பும் முன்

‘7 இரவு, மாலத்தீவு, 18 டைவ், சாப்பாடு உட்பட’ என்று ஒரு விளம்பரம் உங்கள் போன் திரையிலும் வந்து நின்றிருக்கலாம். நீலத் தண்ணீர், வெள்ளைப் படகு, பக்கத்திலேயே நீந்துகிற திமிங்கலச் சுறா. அந்தமானிலோ புதுச்சேரியிலோ ஸ்கூபா கற்றுக்கொண்டவராக இருந்தால் ‘புக் பண்ணிடலாமா?’ என்று விரல் துடிக்கும். எனக்கும் துடித்தது. ரெண்டு வருஷம் சேர்த்த பணத்தில் நானும் ஒரு தோழியும் போய்வந்தோம். நல்ல பயணம்தான். ஆனால் விளம்பர வீடியோவில் வராத விஷயங்கள் நிறைய இருந்தன. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், இது என்ன? ‘லிவ்அபோர்டு’ என்றால் தங்குவது, சாப்பிடுவது, தூங்குவது எல்லாம் ஒரே படகில். மாலத்தீவில் ‘சஃபாரி படகு’ என்றும் சொல்வார்கள். பத்துப் பன்னிரண்டு அறைகள், இருபது பேர் அளவில் பயணிகள், மேல்தளத்தில் வெயில் காய இடம். டைவ் அடிக்க மட்டும் பெரும்பாலும் தனியாக ஒரு சின்னப் படகு கூடவே வரும். அதன் பெயர் ‘தோனி’. நம் ‘தோணி’ நினைவுக்கு வருகிறதா? எனக்கும் வந்தது. காற்று நிரப்பும் கம்ப்ரஸர், சிலிண்டர், வெட்சூட் எல்லாம் அந்தத் தோனியிலேயே இருக்கும். அதனால் பெரிய படகில் எண்ணெய் வாடையும் சத்தமும் குறைவு.

ஏன் படகிலேயே தங்க வேண்டும், தீவில் தங்கினால் ஆகாதா என்று கேட்கலாம். மாலத்தீவு 26 பவள வட்டங்களாகச் சிதறிக் கிடக்கும் நாடு. ஒரு தீவில் தங்கினால் அதைச் சுற்றியுள்ள சில இடங்களோடு சரி. படகு என்றால் ஒரு வட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்ந்துகொண்டே இருக்கலாம். இன்று வாவு வட்டத்தில் சுறா, நாளை மறுநாள் தெற்கு அரி வட்டத்தில் திமிங்கலச் சுறா தேடல். அதுதான் இதன் லாபம்.

<b>ஒரு நாள் எப்படிப் போகும்?</b>

விடுமுறை என்று நினைத்து எட்டு மணி வரை தூங்கலாம் என்றால் நடக்காது. காலை ஐந்தரைக்குக் கதவைத் தட்டுவார்கள். ஒரு டீ, ரெண்டு பிஸ்கெட், உடனே ‘பிரீஃபிங்’. அதாவது எந்த இடம், எவ்வளவு ஆழம், நீரோட்டம் எந்தப் பக்கம், எங்கே மேலே வர வேண்டும் என்று வழிகாட்டி ஒரு பலகையில் வரைந்து சொல்வார். ஆறரைக்குள் தண்ணீரில் இருப்பீர்கள். திரும்பி வந்தால் காலை உணவு. சூரை மீனும் தேங்காய்த் துருவலும் வெங்காயமும் பிசைந்த ‘மஸ் ஹுனி’, கூடவே ‘ரோஷி’ என்கிற சப்பாத்தி. நம் கடலோர மாவட்டங்களில் மாசிக்கருவாட்டுச் சம்பல் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இது சொந்த ஊர்ச் சாப்பாடு மாதிரியே இருக்கும். பதினோரு மணிக்கு ரெண்டாவது டைவ், சாப்பாடு, ஒரு குட்டித் தூக்கம், மூன்று மணிக்கு மூன்றாவது. சில நாள் இரவிலும் ஒன்று. ஒன்பது மணிக்கெல்லாம் படகே உறங்கிவிடும்.

மூன்றாவது நாளிலிருந்து உடம்பு கனக்கும். தோள் வலிக்கும், உப்பில் உதடு வெடிக்கும், ஈர வெட்சூட்டைக் காலையில் மறுபடி மாட்டும்போது ‘எதுக்குடா வந்தோம்’ என்று தோன்றும். தோன்றினால் பயப்படாதீர்கள், எல்லாருக்கும் தோன்றும். குளிக்கும் தண்ணீர் படகிலேயே கடல்நீரைச் சுத்திகரித்து வருவது, அளவாகத்தான் பயன்படுத்த வேண்டும். போன் சிக்னல் தீவுகளுக்குப் பக்கத்தில் கிடைக்கும், நடுவில் போகும். வீட்டில் இதை முன்பே சொல்லிவிடுங்கள். என் அம்மா ஒரு ராத்திரி முழுக்க ‘ஒரு டிக்’கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

<b>நீரோட்டம்தான் முக்கியம்</b>

நம் மீனவர்கள் நீவாடு என்று சொல்லும் நீரோட்டத்தை அறியாமல் மாலத்தீவுக்குப் போகக்கூடாது. பவள வட்டத்துக்குள் கடல் நுழையும் வாய்க்கால்களை அங்கே ‘கண்டு’ என்கிறார்கள். தண்ணீர் அந்த வாய்க்கால் வழியே பாயும்போது மீன் கூட்டம் சேரும், மீனைத் தேடிச் சுறா வரும். நாம் வாய்க்காலின் ஓரத்தில் பாறையில் ஒரு கொக்கியை மாட்டிக்கொண்டு காற்றில் ஆடும் கொடி மாதிரி தொங்கிக்கொண்டே பார்ப்போம். அற்புதமான அனுபவம். ஆனால் மிதப்பைக் கட்டுப்படுத்தத் தெரியாதவர்களுக்கு அதே இடம் ஆபத்து. 

டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வடகிழக்குப் பருவக்காற்று. நீரோட்டம் கிழக்கிலிருந்து வருவதால் கிழக்கு வாய்க்கால்களில் தண்ணீர் தெளிவு, சுறா அதிகம். மிதவை உயிரிகள் மேற்குப் பக்கம் சேரும், அவற்றைத் தின்னும் மான்டா என்ற பெரிய திருக்கைகளும் அங்கேதான். மே முதல் நவம்பர் வரை தென்மேற்குக் காற்றில் இது அப்படியே தலைகீழ். அந்த மாதங்களில் மழையும் அலையும் அதிகம் என்பதால் கட்டணம் குறையும். ‘ஆஃபர்’ என்று வருவதில் பல இந்த மாதங்களுக்கானவை. வாந்தி வரும் உடம்பு என்றால் யோசியுங்கள். பா வட்டத்தில் உள்ள ஹனிஃபாரு விரிகுடாவில் மான்டா கூட்டத்தைப் பார்க்க ஸ்கூபா அனுமதி கிடையாது, மூச்சுக்குழாயோடு நீந்தித்தான் பார்க்க வேண்டும். ‘ஹனிஃபாருவில் டைவ்’ என்று யாராவது விற்றால் அங்கேயே உஷாராகிவிடுங்கள்.

எவ்வளவு அனுபவம் வேண்டும்? அடிப்படைப் பயிற்சியான ‘ஓப்பன் வாட்டர்’ சான்றிதழ் 18 மீட்டர் வரைக்குமானது. மாலத்தீவின் நல்ல இடங்கள் பல 25, 30 மீட்டரில் இருக்கின்றன. அதனால் ‘அட்வான்ஸ்டு’ சான்றிதழும் முப்பது ஐம்பது டைவ் பதிவும் கேட்கும் படகுகள் உண்டு. கேட்காத படகைப் பார்த்து சந்தோஷப்பட வேண்டாம். நாட்டின் விதிப்படி பொழுதுபோக்கு டைவர் 30 மீட்டருக்குக் கீழே போகக்கூடாது. நீங்கள் எத்தனை சான்றிதழ் வைத்திருந்தாலும் இதுதான் எல்லை. ‘நைட்ராக்ஸ்’ பயிற்சி முடித்துவிட்டுப் போனால் நல்லது. அது ஆக்ஸிஜன் அளவு கூட்டிய காற்று. ஆழமாகப் போக உதவாது, ஆனால் ஒரே நாளில் பலமுறை இறங்கும்போது உடம்பில் சேரும் நைட்ரஜனைக் குறைக்கும்.

<b>‘நான் வரலை’ என்று சொல்லலாம்</b>

பணம் முழுக்க முன்கூட்டியே கட்டியாயிற்று. ஒரு டைவை விட்டால் நஷ்டம் என்று மனசு கணக்குப் போடும். நான்காம் நாள் எனக்குச் சளி பிடித்தது. காது அடைத்திருந்தது. அன்றைக்குத்தான் எல்லாரும் காத்திருந்த வாய்க்கால் டைவ். மூக்கடைப்பு மாத்திரை போட்டுக்கொண்டு இறங்கிடலாமா என்று வழிகாட்டியிடம் கேட்டேன். “மாத்திரை கீழே இருக்கும்போதே வேலை செய்றதை நிறுத்திட்டா, மேலே வரும்போது காதுக்குள்ள காற்று மாட்டிக்கும். இன்னைக்கு உட்காருங்க” என்றார். உட்கார்ந்தேன். தோழி திரும்பி வந்து இருபது சுறா பார்த்த கதையைச் சொன்னபோது அழுகையே வந்தது. ஆனால் ஆறாம் நாள் காது திறந்தது, மறுபடி இறங்கினேன். அன்று பிடிவாதம் பிடித்திருந்தால் செவிப்பறை கிழிந்து மீதி நாள் முழுக்கப் படுக்கையில் போயிருக்கும்.

நீரோட்டம் பயமாக இருந்தாலும், இரவு சரியாகத் தூங்கவில்லை என்றாலும், காரணமே சொல்லத் தெரியாத பதற்றம் என்றாலும்கூட இறங்காமல் இருக்கலாம். தண்ணீருக்குள்ளே போன பிறகும் கை சைகை காட்டி டைவை முடிக்கலாம். யாருக்கும் விளக்கம் தர வேண்டியதில்லை. இதைக் கேலி செய்கிற வழிகாட்டி என்றால் அவரோடு மறுபடி இறங்காதீர்கள்.

மேலே வந்த பிறகு மூட்டு வலி, மரத்துப்போதல், தோலில் தடிப்பு, என்றும் இல்லாத அசதி இருந்தால் ‘தூங்கினா சரியாகிடும்’ என்று மறைக்க வேண்டாம். அழுத்தம் மாறியதால் வரும் நோயின் அறிகுறியாக இருக்கலாம். உடனே சொன்னால் படகிலேயே சுத்த ஆக்ஸிஜன் கொடுத்து, அழுத்த அறை உள்ள தீவுக்குக் கொண்டுபோவார்கள். 

<b>பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை</b>

2019 செப்டம்பர் 2 அதிகாலை, அமெரிக்காவின் கலிஃபோர்னியா கடலில் ‘கன்செப்ஷன்’ என்ற டைவிங் படகு தீப்பிடித்தது. கீழ்த்தளத்தில் தூங்கிக்கொண்டிருந்த 34 பேர் இறந்தார்கள். இரவில் சுற்றிவரும் காவல் ஆள் இல்லாததை விசாரணை முக்கியக் குறையாகச் சொன்னது. பயமுறுத்த இதை எழுதவில்லை. புக் செய்யும் முன் வாட்ஸ்அப்பில் கேட்க வேண்டிய கேள்விகள் இங்கிருந்துதான் வருகின்றன: இரவில் யார் விழித்திருப்பார்? என் அறையிலிருந்து வெளியேற ரெண்டு வழி உண்டா? பேட்டரி சார்ஜ் செய்ய ஆள் இருக்கும் இடம் தனியாக உண்டா? ஆக்ஸிஜன் எவ்வளவு இருக்கிறது? உருப்படியான படகுக்காரர் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார். படகில் ஏறியதும் முதல் வேலையாக, இருட்டில் தடவிக்கொண்டே மேல்தளத்துக்குப் போக முடிகிறதா என்று நடந்து பாருங்கள். கேமரா, டார்ச் பேட்டரிகளை இரவில் அறைக்குள் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள்.

அடுத்தது காப்பீடு. சாதாரணப் பயணக் காப்பீட்டில் ஸ்கூபா ‘சாகச விளையாட்டு’ என்று விலக்கப்பட்டிருக்கலாம், அல்லது குறிப்பிட்ட ஆழம் வரைதான் செல்லும் என்று இருக்கலாம். பாலிசியின் பிடிஎஃப்-ஐப் போனில் திறந்து ‘ஸ்கூபா’ என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள், ரெண்டு நிமிஷ வேலை. அழுத்த அறைச் சிகிச்சையும் நோயாளியை ஏற்றிச் செல்லும் செலவும் அடங்குமா என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். டைவர்களுக்கென்றே காப்பீடு தரும் ‘டான்’ போன்ற அமைப்புகளும் இருக்கின்றன.

விளம்பர விலையில் சேராதவையும் உண்டு. தங்கும் ஒவ்வொரு இரவுக்கும் ஆளுக்கு 12 டாலர் பசுமை வரி, உபகரண வாடகை, நைட்ராக்ஸ், பணியாளர்களுக்கான அன்பளிப்பு. மொத்தத்தையும் ஒரே ரசீதில் போடச் சொல்லுங்கள்.

<b>போனிலேயே முடியும் வேலைகள்</b>

பாஸ்போர்ட் இல்லாதவர்கள் ‘எம்பாஸ்போர்ட் சேவா’ செயலியில் விண்ணப்பித்து நேரம் வாங்கலாம். இருக்கிறவர்கள் காலாவதித் தேதியைப் பாருங்கள், ஆறு மாதமாவது மிச்சம் இருந்தால் விமான நிலையத்தில் பேச்சுக்கு இடமில்லை. இந்தியர்கள் மாலத்தீவுக்கு முன்கூட்டி விசா எடுக்க வேண்டாம். திரும்பும் டிக்கெட்டும் படகு முன்பதிவுக் கடிதமும் கையில் இருந்தால் இறங்கியதும் இலவசமாக அனுமதி தருவார்கள்.

‘இமுகா’ என்ற பயணி அறிவிப்புப் படிவம் மட்டும் கட்டாயம். பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் நிரப்ப வேண்டும், திரும்பும்போதும் இன்னொரு முறை. இதற்குக் கட்டணமே கிடையாது. ஆனால் கூகுளில் தேடினால் முதலில் வந்து நிற்பது பல நேரம் காசு கேட்கும் தளங்கள். நான் திறந்த ஒன்று அச்சு அசலாக அரசுத் தளம் போலவே இருந்தது, கடைசிப் பக்கத்தில் 40 டாலர் கேட்டது. கார்டு எண்ணைப் போட்டுவிட்டு, ஓடிபி வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. தளத்தின் முகவரி ‘ஜிஓவி டாட் எம்வி’ என்று முடிகிறதா என்று பாருங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் உடனே 1930 என்ற எண்ணில் புகார் சொல்லுங்கள், வங்கிக்கும் சொல்லி கார்டை முடக்குங்கள்.

மதுபாட்டில், மின்சிகரெட் ரெண்டையும் எடுத்துப்போக அனுமதி இல்லை. பவளத் துண்டு எடுத்து வரவும் கூடாது, கரையில் உடைந்து கிடந்ததுதானே என்ற பதில் சுங்கத்தில் எடுபடாது. லித்தியம் பேட்டரிகள் கைப்பையில்தான் போக வேண்டும்.

<b>கடைசி நாள் ஏன் சும்மா இருக்கிறது?</b>

திட்ட அட்டவணையில் கடைசி முழுநாள் டைவ் இல்லாமல் காலியாக இருக்கும். ‘ஏமாத்துறாங்களா?’ என்று நினைக்க வேண்டாம். பல நாள் தொடர்ந்து டைவ் அடித்தவர்கள் விமானம் ஏற குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது டான் அமைப்பின் பரிந்துரை. பெரும்பாலான படகுகள் 24 மணி நேரமாகவே வைத்துக்கொள்கின்றன. மலிவாகக் கிடைக்கிறதே என்று அதிகாலை விமானத்துக்கு டிக்கெட் போடும் முன் கடைசி டைவ் எத்தனை மணிக்கு முடிகிறது என்று படகுக்காரரிடம் கேட்டுவிடுங்கள்.

அந்த ஓய்வு நாளில் உபகரணங்களை நல்ல தண்ணீரில் கழுவிக் காயப்போட்டுவிட்டு, மணல்திட்டு ஒன்றில் எல்லாரும் உட்கார்ந்து டைவ் குறிப்பேட்டை எழுதுவோம். வழிகாட்டியிடம் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த படகில் ஏறும்போது முதலில் கேட்பது அதைத்தான்.